ஜெராக்ஸ் கடையும் கேஷ் சர்வரும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன வாரம் நம் சங்கச் செயலாளர் போன் செய்து, "உன் துறையிலே நீ சாதிச்சதைப் பத்தி இருபது நிமிஷம் பேசணும்டா" என்றார். யோசித்துப் பார்த்தேன். சாதித்தது என்று இருபது நிமிஷத்துக்கு எதுவும் தேறவில்லை. "தப்பு பண்ணினதைப் பத்தின்னா தாராளமா பேசலாம்" என்றேன். "அப்ப அதையே பேசு, பசங்களுக்கு அதுதான் பிடிக்கும்" என்று போனை வைத்துவிட்டார். ஆகவே இன்று பேசப்போவது என் தப்பு ஒன்றைப் பற்றி. அது புரிவதற்கு என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

என் தொழில் கேஷ் சர்வர்களைப் பராமரிப்பது. கேஷ் என்றதும் நம் பொருளாளர் நிமிர்ந்து உட்காருகிறார். அந்தக் கேஷ் இல்லை சார். இது பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்த வார்த்தை. ஒளித்து வைப்பது என்று அர்த்தம். இணையப் பக்கங்களின் பிரதிகளை இடையிலேயே ஓர் இடத்தில் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கு அங்கிருந்தே எடுத்துக் கொடுப்பது.

எங்கள் காலத்து ஆட்களுக்குக் கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடை மறந்திருக்காது. பேராசிரியர் கைப்பட எழுதிய நோட்ஸை யாராவது ஒரு நல்ல பையன் வாங்கிவந்து ஒரு தடவை அந்தக் கடையில் கொடுத்தால் போதும். கடைக்கார அண்ணாச்சி அதைத் தெளிவாக ஒரு பிரதி எடுத்து, மூலையில் பென்சிலால் 'மாஸ்டர்' என்று எழுதி அலமாரியில் வைத்துவிடுவார். அப்புறம் வருகிற நூறு பேரும் பேராசிரியர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. அவருக்கும் நிம்மதி, பையன்களுக்கும் நிம்மதி.

கேஷ் சர்வர் செய்வதும் இதையேதான். பின்னால் மூல சர்வர் என்று ஒன்று இருக்கும். அதுதான் தகவல் தளத்தைப் புரட்டி, கணக்குப் போட்டு, பக்கத்தைத் தயாரிக்கும் பேராசிரியர். முன்னால் கேஷ் சர்வர். முதலில் கேட்பவருக்காக ஒரு தடவை பின்னால் போய் வாங்கிவரும். அடுத்தடுத்து வருகிறவர்களுக்குத் தன் நினைவகத்திலிருந்தே கொடுத்துவிடும். ஒரே நொடியில் ஆயிரம் பேர் அதே பக்கத்தைக் கேட்டாலும் பின்னால் போகிற ஆள் ஒருவர்தான். மற்ற 999 பேரும் வரிசையில் நின்று, அவர் கொண்டுவந்ததை வாங்கிக்கொள்வார்கள்.

இந்த வேலைக்கு 1996 முதல் ஸ்குவிட் என்ற மென்பொருள் பிரபலம். நான் பெரும்பாலும் பிழைத்தது வார்னிஷ் என்ற இன்னொன்றை வைத்து. மேஜைக்கு அடிக்கிற வார்னிஷ் இல்லை. நார்வே நாட்டில் வெர்டென்ஸ் காங் என்று ஒரு பெரிய தினசரி. அதன் இணையத் தளத்துக்குக் கூட்டம் தாங்கவில்லை. டென்மார்க்காரரான பால்-ஹென்னிங் காம்ப் என்பவரை எழுதச் சொன்னார்கள். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் உள்வேலைகளில் ஊறியவர் அவர். முதல் பதிப்பு 2006-ல் வந்தது. அதுவரை ஸ்குவிட் ஓடிக்கொண்டிருந்த 12 மெஷின்களின் வேலையை வார்னிஷ் போட்ட 3 மெஷின்கள் செய்தன, அதுவும் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்தபடியே என்று அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார்.

வேகம் பெரிய விஷயம்தான். ஆனால் இந்தத் தொழிலில் தூக்கத்தைக் கெடுப்பது வேகம் அல்ல. வைத்திருக்கிற பிரதி இன்னும் செல்லுமா என்பதுதான். பேராசிரியர் நான்காம் பாடத்தைத் திருத்திவிட்டார். அண்ணாச்சிக்கு யார் சொல்வது? அவர் பழைய மாஸ்டரையே போட்டுத் தள்ளிக்கொண்டிருப்பார்.

இதற்கு முதல் வைத்தியம், ஒவ்வொரு பிரதிக்கும் ஆயுள் குறிப்பது. டி.டி.எல். என்பார்கள். மூல சர்வரே பக்கத்தோடு கூட 'இதை இத்தனை நொடி வைத்துக்கொள்ளலாம்' என்று சீட்டு எழுதி அனுப்பலாம். கேஷ்-கன்ட்ரோல் என்ற அந்தச் சீட்டு 1997-ல் எச்.டி.டி.பி. 1.1 விதிகளோடு வந்தது. இன்றும் அதே பெயரில் வாழ்கிறது. சீட்டு எதுவும் இல்லாமல் வந்தால் வார்னிஷ் தானாக 120 நொடி ஆயுள் போட்டுக்கொள்ளும். ஆயுள் முடிந்த பிரதியையும் உடனே கிழித்துப் போடாது. இன்னும் 10 நொடி சலுகைக் காலம் உண்டு. கேட்டவருக்குப் பழையதைக் கொடுத்துவிட்டு, பின்கதவு வழியாகப் புதியதை வாங்கிவர ஆள் அனுப்பும். இந்த இரண்டு எண்களையும் நம் இஷ்டத்துக்கு மாற்றலாம். மாற்றத்தான் எங்களைப் போன்றவர்களுக்குச் சம்பளம்.

இரண்டாவது வைத்தியம், ஆயுள் முடியும்வரை காத்திராமல் நாமே போய் "அண்ணாச்சி, நான்காம் பாடம் மாறிடுச்சு, பழசைத் தூக்கிப் போடுங்க" என்று சொல்வது. இதற்குப் பர்ஜ் என்று பெயர். கேட்க எளிமையாக இருக்கிறது. என் தப்பு இங்கேதான் நடந்தது. அதற்கு முன் மைக்ரோ ஜெராக்ஸைப் பற்றிப் பேச வேண்டும்.

மைக்ரோ ஜெராக்ஸ் என்றதும் பின்வரிசையில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கிறது. முதல்வர் அவர்கள் மன்னிக்க வேண்டும். நான் அதை ரிவிஷனுக்கு மட்டுமே பயன்படுத்தினேன். ஒரு முழுத்தாள் நோட்ஸைச் சுருக்கிச் சுருக்கி உள்ளங்கையளவு ஆக்கித் தருவார் அண்ணாச்சி. கேஷ் சர்வர் உலகத்திலும் இப்படி ஒரு சுருக்கல் உண்டு. ஜிஸிப் என்பது அதன் பெயர். 1992-ல் ழான்-லூ கயீ, மார்க் ஆட்லர் என்ற இருவர் வெளியிட்டது. சர்வர் பக்கத்தைச் சுருக்கி அனுப்பும், நம் பிரவுசர் விரித்துப் படித்துக்கொள்ளும். ஆனால் இது மைக்ரோ ஜெராக்ஸ் மாதிரி கண்ணைக் கெடுக்காது. விரித்தால் ஒரு புள்ளி குறையாமல் மூலம் அப்படியே திரும்ப வரும்.

எப்படிச் சுருக்குகிறது? முன்னால் வந்த சொல் மறுபடியும் வந்தால் அதைத் திரும்ப எழுதாமல், 'இத்தனை எழுத்துக்கு முன்னால் போ, அங்கிருந்து இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்' என்று குறிப்பு மட்டும் எழுதும். 32 கிலோபைட் தூரம் வரை திரும்பிப் பார்க்கும். லெம்பெல், ஸிவ் என்ற இருவர் 1977-ல் சொன்ன வழி. அதற்கு மேல், அடிக்கடி வருவதற்குச் சின்னக் குறி, அபூர்வமாக வருவதற்கு நீளக் குறி என்று ஹஃப்மன் 1952-ல் கண்டுபிடித்த வழி. இரண்டையும் சேர்த்தால் ஜிஸிப்.

நம் தமிழுக்கு இதில் ஒரு தனி லாபம் உண்டு. 'தமிழ்' என்ற சொல்லை யூனிகோடில் எழுதினால் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று 5 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ஆக 15 பைட். இங்கிலீஷ்காரன் அதே பெயரை ஐந்து எழுத்தில் எழுதி 5 பைட்டில் முடித்துவிடுகிறான். அநியாயம் என்று தோன்றும். ஆனால் அந்த மூன்று பைட்டை உற்றுப் பாருங்கள். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175, வேறு கிடையாது. மூன்றாவதில்தான் விஷயமே இருக்கிறது. இப்படித் திரும்பத் திரும்ப வருவதைத்தான் ஜிஸிப் ஆசையாகச் சாப்பிடும். போதாததற்கு நம் அரசாங்க அறிக்கைகளில் 'செய்யப்படுகிறது', 'தெரிவிக்கப்படுகிறது', 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று ஒரே வால் வரிக்கு வரி வருமல்லவா? மற்றவர்களுக்கு அலுப்பு, ஜிஸிப்புக்கு விருந்து.

(படங்களை மட்டும் ஜிஸிப் செய்யாதீர்கள். ஜேபெக் படம் ஏற்கெனவே பிழிந்த கரும்பு. மறுபடி ஆலையில் கொடுத்தால் சர்வர் மூச்சு வாங்குமே தவிர ஒரு சொட்டு வராது. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.)

சுருக்குவதற்குக் கணிப்பொறிக்கு உழைப்புச் செலவு உண்டு. ஆனால் ஒரு தடவை சுருக்கிக் கேஷில் வைத்துவிட்டால் பத்தாயிரம் பேருக்கு அதையே கொடுக்கலாம். ஆகவே கேஷும் சுருக்கலும் நல்ல ஜோடி. மாமியார் மருமகள் சண்டை எங்கே வருகிறதென்றால், எல்லோருக்கும் சுருக்கியது தேவைப்படாது. பிரவுசர் கேட்கும்போதே 'எனக்கு ஜிஸிப் பிரிக்கத் தெரியும்' என்று அக்செப்ட்-என்கோடிங் என்ற வரியில் சொல்லும். சொல்லாதவர்களுக்கு விரித்த பக்கத்தையே கொடுக்க வேண்டும். மூல சர்வரும் 'இந்தப் பக்கம் ஆளுக்குத் தகுந்தபடி மாறும்' என்று வேரி என்ற வரியில் எழுதி அனுப்பும். விளைவு, அலமாரியில் ஒரே பாடத்துக்கு இரண்டு மாஸ்டர்: பெரியது ஒன்று, மைக்ரோ ஒன்று.

இரண்டோடு நின்றால் பரவாயில்லை. அந்த நாளைய ஃபயர்பாக்ஸ் 'ஜிஸிப்,டிஃப்ளேட்' என்று சேர்த்து எழுதிக் கேட்கும். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் கமாவுக்குப் பின்னால் ஒரு இடைவெளி விட்டுக் கேட்கும். அர்த்தம் ஒன்றுதான். ஆனால் கேஷ் சர்வர் அர்த்தம் பார்க்காது, எழுத்தைப் பார்க்கும். ஒரு இடைவெளிக்காகத் தனியாக இன்னொரு மாஸ்டர்!

இப்போது தப்புக்கு வருகிறேன்.

2010-ம் வருஷம். ஒரு கலந்தாய்வு நடத்தும் அலுவலகம். பெயர் வேண்டாம். எந்தத் தரவரிசை எண்காரர்கள் எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்ற அட்டவணைப் பக்கம். முன்னால் வார்னிஷ் 2.1 வைத்தது நான். கூட்டம் அதிகம், அட்டவணை அடிக்கடி மாறப்போவதில்லை என்று நினைத்து அந்தப் பக்கத்துக்கு ஒரு முழு நாள் ஆயுள் கொடுத்ததும் நான். மாறினால் பர்ஜ் செய்துகொள்ளலாம் என்பது எண்ணம்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் போன். வெள்ளிக்கிழமை வரவேண்டிய ஒரு பகுதியினரை வியாழக்கிழமைக்கே வரச் சொல்லி அட்டவணையை மாற்றியிருக்கிறார்கள். நான் சர்வரில் உட்கார்ந்து கர்ல் என்ற கட்டளை மூலம் பர்ஜ் அனுப்பினேன். சரி என்று பதில் வந்தது. அதே கர்லை வைத்துப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். புதிய தேதி. அலுவலகத்துக்குப் போன் போட்டு, "மாறிடுச்சு சார், நானே பார்த்துட்டேன்" என்றேன். அவர்களும் பார்த்தார்கள், ஆனால் அவர்கள் உள்ளே இருந்தபடி நேராக மூல சர்வரையே பார்ப்பவர்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். போனேன். ஒரு அப்பாவும் மகனும் வராந்தாவில் நின்றிருந்தார்கள். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்திருக்கிறார்கள் என்பது சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது. பையனின் முறை வியாழக்கிழமையே முடிந்துவிட்டது. உள்ளே இருந்த ஊழியர், "பழைய தாளைத் தூக்கிட்டு வந்து நின்னா நாங்க என்ன பண்றது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் என் லேப்டாப்பைத் திறந்து பக்கத்தைக் காட்டினேன். வியாழக்கிழமை என்றுதான் இருந்தது. "ஐயா, இது செவ்வாய்க்கிழமை சாயங்காலமே மாத்தியாச்சு" என்றேன்.

அந்தப் பெரியவர் ஒன்றும் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு பிரின்ட் அவுட்டை எடுத்து விரித்தார். "தம்பி, நான் அவ்வளவா படிக்கலை. இதுல எந்த எடத்துல தப்பு இருக்குன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றார். வாங்கிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை என்று இருந்தது. தாளின் அடியில், பிரவுசர்கள் தானாக அச்சடிக்குமே, அந்தப் பொடி எழுத்தில் தேதியும் நேரமும் இருந்தன. புதன்கிழமை, காலை 10.40.

நான் மாற்றிப் பதினாறு மணி நேரம் கழித்து அவர்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் எடுத்த தாள் அது.

அன்றைக்கு ராத்திரி வேறு ஒரு மெஷினில் அதே ஏற்பாட்டைச் செய்து பார்த்தேன். பத்து நிமிஷத்தில் பிடிபட்டது. கர்ல் தானாக 'எனக்கு ஜிஸிப் தெரியும்' என்று சொல்லாது. ஆகவே நான் அனுப்பிய பர்ஜ், அலமாரியில் பெரிய மாஸ்டரை மட்டும் போய்த் தொட்டது. அப்போதைய வார்னிஷில் நாங்கள் பர்ஜ் எழுதிய விதம், கேட்டவருக்குப் பொருந்துகிற அந்த ஒரு பிரதியின் ஆயுளை மட்டும் பூஜ்யமாக்கும். மைக்ரோ மாஸ்டர்கள், அதாவது ஃபயர்பாக்ஸுக்கு ஒன்று, எக்ஸ்புளோரருக்கு ஒன்று என்று இருந்தவை, பழைய தேதியோடு அப்படியே இருந்தன. நான் கொடுத்த ஒரு நாள் ஆயுள் முடியும்வரை, புதன் மத்தியானத்துக்கு மேல்வரை, தைரியமாகக் கொடுக்கப்பட்டன. அதற்குப் பிறகு தாமாகவே சரியாகிவிட்டன. வெள்ளிக்கிழமை நான் திறந்து பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்ததற்கு அதுதான் காரணம்.

எல்லாவற்றையும்விட என்னைக் குத்தியது வேறு ஒன்று. பக்கம் சரியாக வருகிறதா என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்து, பச்சை விளக்குக் காட்டும் ஒரு சோதனை நிரலை எழுதி வைத்திருந்தேன். அதுவும் சுருக்காத பக்கத்தையே கேட்கும். வெளியே இருந்து வருகிற அத்தனை பிரவுசரும் கேட்டது சுருக்கிய பக்கம். அந்தப் பெரிய மாஸ்டருக்கு உலகத்திலேயே இருந்த வாசகர்கள் இரண்டு பேர்தான்: நானும் என் சோதனை நிரலும். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் 'சரியா இருக்கு, சரியா இருக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பேராசிரியரே கடைக்கு வந்து பெரிய பிரதி ஒன்றை வாங்கிப் பார்த்துத் திருப்தியாகப் போனமாதிரி. பையன்கள் வாங்குவதெல்லாம் மைக்ரோ என்று அவருக்குத் தெரியவா போகிறது?

நெட்ஸ்கேப்பில் இருந்த ஃபில் கார்ல்ட்டன் சொன்னதாக எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. கணிப்பொறி இயலில் கஷ்டமானவை இரண்டே இரண்டு. ஒன்று கேஷில் பழையதைச் செல்லாததாக்குவது, இன்னொன்று பெயர் வைப்பது. வார்னிஷ்காரர்கள் இரண்டிலும் அவதிப்பட்டார்கள். 2.1-ல் பர்ஜ் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் நடமாடின. 2011-ல் வந்த 3.0 பதிப்பில்தான் பிரித்துப் பெயர் வைத்தார்கள். பர்ஜ் என்றால் ஒரு முகவரிக்கு உரிய பிரதிகளை, பெரிது மைக்ரோ எல்லாவற்றையும் சேர்த்து, அப்போதே நீக்குவது. மற்றதற்குப் பேன் என்று பெயர். தலையில் இருப்பது இல்லை, தடை.

பேன் எப்படியென்றால், அலமாரியைக் குடையாமல் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டிவிடுவது: 'இன்று மூன்று மணிக்கு முன்னால் எடுத்த இயற்பியல் பிரதி எதையும் கொடுக்காதே.' ஒவ்வொரு தடவை பிரதியை எடுக்கும்போதும் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒரே சீட்டில் ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தள்ளிவிடலாம். ஆனால் சீட்டுகள் குவிந்துகொண்டே போகும். ஒப்பிடவே நேரம் போய்விடும். அதற்காகக் கடையில் ஒரு பையன் ஓய்வு நேரத்தில் அலமாரியை மேய்ந்து, தடை விழுந்த தாள்களைக் கிழித்து, வேலை முடிந்த சீட்டையும் எடுத்துவிடுவான். லர்க்கர் என்று அவனுக்குப் பெயர். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். சீட்டில் 'சிவப்புச் சட்டைக்காரர் கேட்டால் கொடுக்காதே' என்று எழுதினால், ஓய்வு நேரத்தில் கேட்க ஆளே இல்லாதபோது பையன் யார் சட்டையைப் பார்ப்பான்? அந்தச் சீட்டை அவனால் தீர்க்கவே முடியாது. தாளில் இருப்பதைப் பற்றி மட்டுமே சீட்டு எழுத வேண்டும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பக்கத்தின் முகவரியைப் பிரதியின் மேலேயே ஒரு வரியாகக் குறித்துவைத்து, அதை வைத்துத் தடை போடுகிறார்கள்.

அதே 3.0-ல் என் பிரச்சினையின் வேரையும் வெட்டினார்கள். வார்னிஷ் தானே ஜிஸிப் கற்றுக்கொண்டது. மூல சர்வரிடம் எப்போதும் சுருக்கியதையே கேட்டு வாங்கும். அந்த ஒரே ஒரு மைக்ரோ மாஸ்டரை வைத்துக்கொள்ளும். பிரிக்கத் தெரியாதவர் யாராவது கேட்டால், கொடுக்கும்போது அவருக்கு மட்டும் விரித்துக் கொடுக்கும். விரிப்பது சுருக்குவதைவிட மிகச் சுலபமான வேலை. கமாவும் இடைவெளியும் பற்றிக் கவலையில்லை. நினைவகமும் மிச்சம். ஒரு வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று நான் நினைக்காத நாளில்லை. (புது வடிவங்கள் வரத்தான் செய்கின்றன. பிரோட்லி என்ற இன்னும் இறுக்கமான சுருக்கலுக்கு 2016-ல் விதிமுறை வந்தது. அதைக் கேஷில் சேர்க்கும்போது மறுபடியும் எத்தனை மாஸ்டர் என்ற எண்ணிக்கை விளையாட்டு ஆரம்பமாகும்.)

பழைய பிரதியைக் கொடுப்பது ஒரு தப்பு. ஒருவருடைய பிரதியை இன்னொருவருக்குக் கொடுப்பது அதைவிடப் பெரிய தப்பு. 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் என்ற கணிப்பொறி விளையாட்டுக் கடையில் அது நடந்தது. தாக்குதல் கூட்டம் ஒன்றைச் சமாளிப்பதற்காகக் கேஷ் விதிகளை அவசரமாக மாற்றினார்கள். உள்ளே நுழைந்த ஒருவருக்கு வேறொருவரின் கணக்குப் பக்கம் வந்தது. மின்னஞ்சல் முகவரி, பில் முகவரி, வாங்கிய பொருள்களின் பட்டியல் எல்லாம். சுமார் 34,000 பேரின் விவரங்கள் இப்படிப் போயிருக்கலாம் என்று நிறுவனமே ஐந்து நாள் கழித்து ஒப்புக்கொண்டது. குக்கியோடு வருகிற கோரிக்கைகளுக்கு வார்னிஷ் தானாகக் கேஷ் பக்கம் போகாது. நேராக மூல சர்வருக்கு அனுப்பிவிடும். பிரைவேட் என்று சீட்டு ஒட்டிய பக்கத்தைப் பொதுக் கேஷ் எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. வேகம் போதவில்லை என்று இந்தக் காவல்களை ஒவ்வொன்றாக நாமேதான் கழற்றுகிறோம்.

சுருக்கலிலும் ஒரு திருட்டு வழி இருக்கிறது என்று 2013-ல் மூன்று பேர் காட்டினார்கள். பிரீச் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒரே பக்கத்தில் ரகசியமும் இருந்து, வெளியாள் தரும் சொல்லும் இருந்து, இரண்டையும் சேர்த்துச் சுருக்கினால், வெளியாளின் ஊகம் ரகசியத்தோடு ஒத்துப்போகும்போது பக்கத்தின் நீளம் ஒரு துளி குறையும். திரும்ப வந்ததற்குக் குறிப்பு மட்டும்தானே எழுதுகிறது! பூட்டிய கடிதத்தைப் பிரிக்காமல் கனத்தை வைத்தே படிப்பது மாதிரி. ஆகவே ரகசியம் உள்ள பக்கங்களைச் சுருக்குவதற்கு முன் யோசியுங்கள்.

மாணவர்கள் சிலர் பிற்பாடு கேட்கக் கூடும் என்பதால் நான் இப்போது செய்வதைச் சொல்லிவிடுகிறேன். தேதி உள்ள பக்கத்துக்கு நீண்ட ஆயுள் கொடுப்பதில்லை, சில நிமிஷம்தான். கூட்டத்துக்குப் பயந்தால் ஆயுளை நீட்டாமல் சலுகைக் காலத்தை நீட்டுகிறேன். பர்ஜ் செய்த பிறகு பக்கத்தை இரண்டு விதமாகவும், சுருக்கியும் சுருக்காமலும், கேட்டுப் பார்க்கிறேன். கர்லில் கம்ப்ரெஸ்டு என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். பதிலோடு வரும் ஏஜ் என்ற வரியைப் பார்க்கிறேன். இந்தப் பிரதி அலமாரியில் எத்தனை நொடியாக இருக்கிறது என்று அது சொல்லும். இப்போதுதான் பர்ஜ் செய்தேன், ஏஜ் 9,000 என்று வந்தால் எங்கேயோ இன்னொரு மாஸ்டர் உட்கார்ந்திருக்கிறது. கடைசியாக, தெருவுக்குப் போய், என்னுடையதல்லாத ஒரு போனில், சாதாரண ஆள் பார்க்கிற மாதிரி ஒரு தடவை பார்க்கிறேன். என் மனைவி இதைப் பைத்தியம் என்கிறாள்.

அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று முன்வரிசையில் மேடம் கேட்கிறார்கள். சொல்கிறேன். நான் அன்றைக்கே, காரணம் தெரிவதற்கு முன்பே, தாளின் அடியில் இருந்த நேரத்தைக் காட்டி, தவறு எங்கள் பக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அதிகாரி நல்ல மனிதர். அன்று மாலை, மீதி இருந்த இடங்களில் அவனைத் தேர்வு செய்ய அனுமதித்தார். அவன் கேட்ட பாடப்பிரிவு, வீட்டிலிருந்து போய்வரக்கூடிய கல்லூரியில், முந்தின நாளே நிரம்பிவிட்டிருந்தது. தூரத்துக் கல்லூரி ஒன்றில் வேறு பிரிவு எடுத்தான். கையெழுத்துப் போடும்போது அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் தலையசைத்தார். புறப்படும்போது அவர் என்னிடம் வந்து, "கண்டுபிடிச்சுடுங்க தம்பி, இன்னொரு புள்ளைக்கு ஆகக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டார்.

அந்தப் பிரின்ட் அவுட்டை அவர் திரும்ப வாங்கிக்கொண்டார். அதற்கு முன் அவரிடம் கேட்டு ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன். இன்று கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு கணிப்பொறி ஆய்வகத்தில் இரண்டு மெஷினைப் பிணைத்து, அந்தப் பழைய தப்பை அப்படியே மறுபடி நடத்திக் காட்ட ஏற்பாடு செய்திருக்கிறோம். விருப்பமுள்ள மாணவர்கள் இரண்டரை மணிக்கு வரலாம்.